காரை எறக்கின அண்ணன்

எங்க கடை கவுண்டரோட நாலு காலையும் ரம்பம் போட்டு அறுக்க வெச்சவரு அவரு. கள்ளக்குறிச்சி துருகம் ரோட்டுல நாங்க ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்ட புதுசு. முன்னால கடை, பின்னால ஷெட்டு. ஷெட்டுல எங்க வூட்டுக்காரரு மெக்கானிக் வேல பாப்பாரு, கடையில நான் உக்காருவேன். ஸ்பேர் பார்ட்ஸ் கடையில பொம்பள உக்காந்திருக்கிறத பாத்துட்டு பாதி பேரு "அண்ணன் இல்லீங்களா"ன்னு கேட்டுட்டு அப்படியே திரும்பிடுவான். இவரு ஒருத்தருதான் நேரா உள்ள வந்தாரு. வந்து, "இன்னா தங்கச்சி, கவுண்டர இவ்ளோ ஒசரத்துல வெச்சிருக்கற. வர்ற கஸ்டமரு முழங்கைய எங்க வெப்பான்?"னு கேட்டாரு. அதுவரைக்கும் எந்த கஸ்டமரும் எங்கிட்ட முழங்கைக்கு எடம் கேட்டதில்ல.

மறுநாளே ஒரு ஆசாரிய கையோட கூட்டியாந்துட்டாரு. "எறக்கிட்டா போச்சு"ன்னு சொல்லி அவரே பென்சிலால கோடு போட்டாரு. எங்க வூட்டுக்காரரு வாயத் தொறக்கறதுக்குள்ள கவுண்டரு எறங்கிடுச்சு. அதுக்கப்புறம் அவரு முழங்கைய ஊனிக்கினு ஜம்முனு நிப்பாரு, நான் குனிஞ்சு குனிஞ்சு சாமான் எடுத்துக் குடுப்பேன். இன்னிக்கும் எனக்கு இடுப்பு வலி வந்தா அவரத்தான் திட்டுவேன்.

அவரு ஒசரம் எவ்ளோன்னு நான் சொல்லப் போறதில்ல. மேல போய்ச் சேந்துட்டாரு, ஆனாலும் காதுல வுழுந்தா கோச்சுக்குவாரு. வெள்ள சட்ட, வெள்ள வேட்டி, கஞ்சி போட்டு மொறமொறன்னு இருக்கும். மீசைய கண்ணு மை மாதிரி மெல்லிசா வெட்டியிருப்பாரு. ஒரு பத்மினி கார் வெச்சிருந்தாரு. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவாரு, அவரேதான் ஓட்டுவாரு. ஊருல எல்லாரும் கார்க்காரண்ணன்னுதான் கூப்புடுவோம். அவரு எதிர்ல குட்டங்கற வார்த்தைய மட்டும் யாரும் எடுக்க மாட்டோம். போல்ட்டு கேட்டா கூட "சின்ன சைஸா, பெரிய சைஸா"ன்னுதான் நான் கேப்பேன். ஒருவாட்டி வெளியூர்க்காரன் ஒருத்தன் வந்து, "குட்டையா ஒரு ஓஸ் பைப்பு குடுங்க"ன்னுட்டான். அண்ணன் பாதி குடிச்ச டீய அப்படியே வெச்சிட்டு எழுந்து போயிட்டாரு. பைப்பு கேட்டவன் ஒண்ணும் புரியாம என்னையே பாத்தான்.

அவரு வூட்டுக்குப் போனீங்கன்னா உங்களுக்கு எல்லாமே இடிக்கும். கண்ணாடி நம்ம நெஞ்சுக்கு நேரா மாட்டியிருக்கும், குனிஞ்சுதான் பொட்டு வெச்சுக்கணும். காலண்டரு ஆணி இடுப்புகிட்ட இருக்கும். துணி காயப்போடற கொடி சரியா நம்ம கழுத்துக்கு வரும். தெரியாதவங்க வேகமா நடந்தா கதை முடிஞ்சுது. எல்லாத்துக்கும் ஒரே பதில் வெச்சிருப்பாரு. எட்டலியா, எறக்கிட்டா போச்சு.

அவரால எறக்க முடியாதது அந்த வூட்டுல ஒண்ணே ஒண்ணுதான். அது அவரு சம்சாரம்.

அந்தம்மா டீச்சரு. திருக்கோவிலூரு பொண்ணு. நல்ல ஒசரம், ஆம்பளைங்களே அண்ணாந்து பாக்கற ஒசரம். ரெண்டு பேரும் ஒண்ணா கடைத்தெருவுக்கு வந்தா நான் கணக்கு எழுதறத வுட்டுட்டு பாத்துக்கினு இருப்பேன். ரோட்டோரம் மேடா இருக்கிற பக்கம் அவரு நடப்பாரு, பள்ளமா இருக்கிற பக்கம் அந்தம்மா நடப்பாங்க. மேடு அந்தப் பக்கம் மாறினா அந்தம்மா பேசிக்கினே சுத்தி வந்து எடத்த மாத்திப்பாங்க. அவரு அத கவனிச்சாரா இல்லியான்னு எனக்குத் தெரியாது. நான் கவனிச்சேன். அந்தம்மா மேல எனக்கு அன்னிலருந்தே ஒரு பிரியம்.

கார எறக்கின கதைக்கு வரேன். கல்யாணத்துல பொண்ணு மாப்ள கார்ல இருந்து எறங்கறப்ப போட்டோ எடுப்பாங்க இல்ல, அதுல தானும் வுழணும்னு அண்ணனுக்கு ஆசை. காருக்கு அந்தப் பக்கமா நின்னுக்கினு, கூரைமேல ஒரு கைய வெச்சு சிரிப்பாரு. ஆல்பம் வந்து பாத்தா கூரைமேல ஒரு கை இருக்கும், மோதிரம் இருக்கும், கொஞ்சம் தலைமுடி இருக்கும். சிரிப்பு காருக்கு அந்தப் பக்கமே நின்னுடும். இப்படியே நாலஞ்சு ஆல்பம் ஆனப்புறம் ஒரு நாளு கடைக்கு வந்தாரு. "தங்கச்சி, பொண்ணுங்க பட்டுப்பொடவையோட கார்ல இருந்து எறங்க ரொம்ப செரமப்படுதுங்க. பாவமா இருக்குது. கார கொஞ்சம் எறக்கிட்டா போச்சு"ன்னாரு. பொண்ணுங்க மேல அவருக்கு திடீர்னு வந்த எரக்கத்த பாத்து நான் சிரிப்ப அடக்கிக்கினேன்.

எங்க வூட்டுக்காரரு அதிகம் பேச மாட்டாரு. வேல விஷயம்னா மட்டும் பேசுவாரு. "எறக்கலாம்ண்ணா. ஆனா ஸ்பிரிங்க மட்டும் தொட்டா ஆவாது. ஸ்பிரிங்கு பாரத்த தாங்குது. ஷாக் அப்சார்பரு அந்த ஸ்பிரிங்கோட ஆட்டத்த அடக்குது. ரெண்டும் ஒத்துப்போவணும். ஸ்பிரிங்கு சின்ன சைஸ் ஆனா, ஷாக்கும் அதுக்கேத்த சின்ன சைஸ்தான் போடணும். சேலத்துல சொல்லி வெச்சு வரவழைக்கிறேன், ஒரு மாசம் பொறுங்க"ன்னாரு.

பொறுக்கறதுக்கு அவரு என்ன நம்ம மாதிரி ஆளா? அடுத்த முகூர்த்தம் எலவனாசூர்கோட்டையில. அதுக்குள்ள உளுந்தூர்பேட்டையில லாரிக்கு வெல்டிங் வெக்கற எடத்துக்குப் போயி, முன்னாடி காயில் ஸ்பிரிங்குல ஒரு சுத்து கம்பிய கேஸ் வெச்சு வெட்டிட்டாரு. பின்னாடி அடுக்கா இருக்கிற இரும்புப் பட்டையில ஒண்ண உருவிட்டாரு. ஷாக்கு மட்டும் பழைய நீள ஷாக்கு. கார் பாக்கறதுக்கு என்னமோ தரையோட ஒட்டிக்கினு ஜோராத்தான் இருந்துச்சு.

அந்தக் கல்யாணத்துக்கு நானும் போயிருந்தேன், பொண்ணு எங்களுக்கு ஒறவு. மாப்ள அழைப்புல கார் ஒரு பள்ளத்துல எறங்கி ஏறுச்சு. பள்ளத்த தாண்டி ரொம்ப தூரம் வந்தப்புறமும் கார் குதிக்கறத நிறுத்தல. அடுத்த பள்ளத்துல டங்குனு ஒரு சத்தம். உள்ள மாப்ளைக்கு தலைப்பா எறங்கி கண்ண மறைச்சுடுச்சு. அத தூக்கி வெச்சாரு, மறுபடியும் டங்கு. பாதி வழியில மாப்ள கதவத் தொறந்து எறங்கி, "நான் நடந்தே வரேன், உட்ருங்க"ன்னுட்டாரு. மேளக்காரரு நடக்கற மாப்ளைக்கு முன்னால போறதா, காலி காருக்கு முன்னால போறதான்னு தெரியாம நின்னாரு.

ஆனா போட்டோவுல அண்ணன் மூஞ்சி முழுசா வுழுந்துச்சு. பல்லு மொதக்கொண்டு தெரிஞ்சுது. அத எடுத்துக்கினு வந்து கடையில காட்டினாரு. "மாப்ள மூஞ்ச பாத்தீங்களாண்ணா"ன்னு கேட்டேன். "அது கெடக்குது வுடு"ன்னாரு.

ஒரே மாசத்துல நாலு ஷாக்கும் எண்ணெய கக்கிடுச்சு. நீளமான ஷாக்கு எறங்கின கார்ல அமுங்கிப்போயி, பள்ளத்துக்குப் பள்ளம் அடியில முட்டி முட்டி செத்துப்போச்சு. "உன் கடை ஷாக்கு சரியில்ல தங்கச்சி"ன்னு எங்கிட்ட வந்து நின்னாரு பாருங்க, அங்கதான் எனக்குக் கோவம் வந்துச்சு. நல்லா நாலு வார்த்த கேட்டேன். கேட்டுட்டு சேலத்துல இருந்து சின்ன சைஸ் ஷாக்கும் அதுக்கேத்த ஸ்பிரிங்கும் ஜோடியா வரவழைச்சேன். எங்க வூட்டுக்காரரு ரெண்டு நாள் மெனக்கெட்டு மாட்டினாரு. அதுக்கப்புறம் அந்தக் கார் ஓடின அழகு இருக்கே, சும்மா சொல்லக்கூடாது. தரையோட ஊர்ந்துக்கினு வரும், மடியில வெச்ச சொம்புத் தண்ணி தளும்பாது. சுத்துப்பட்டுல எந்தக் கல்யாணம்னாலும் "தரையோட போற கார்தான் வேணும்"னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அண்ணனுக்கு தலகால் புரியல.

அந்த சந்தோஷத்துல இருக்கறப்பதான் டீச்சருக்கு கல்வராயன் மலைக்கு மாத்தல் வந்துச்சு. மலைமேல ஒரு பள்ளிக்கூடம். நானே கொண்டுபோய் விடறேன்னு அண்ணன் கார எடுத்துக்கினு கெளம்பினாரு. கச்சிராயபாளையம் தாண்டி மலைரோடு ஏற ஆரம்பிச்சதும், மொத வளைவுலயே கார் அடிவயிறு பாறையில ஒக்காந்துடுச்சு. முன்னாலயும் போவல, பின்னாலயும் வரல. வெறகுக்கட்டு சுமந்துக்கினு எறங்கி வந்த மலைக்காரங்க நாலு பேரு கட்ட எறக்கி வெச்சிட்டு கார தூக்கி வுட்டாங்க. டீச்சரு பொட்டிய எடுத்துக்கினு பின்னால வந்த பஸ்ல ஏறிட்டாங்க. அன்னிலருந்து வாரத்துக்கு அஞ்சு நாளு அந்தம்மா மலைமேல ஒரு ரூம் எடுத்து தங்கிக்கினாங்க, லீவுக்கு பஸ்ல எறங்கி வருவாங்க.

"கார பழையபடி ஏத்திடலாமேண்ணா, டீச்சர கூட்டிக்கினு வரலாம், போவலாம்"னு நான் சொல்லிப் பாத்தேன்.

"ஏத்தறதா?"ன்னாரு. காசு குடுத்து வாங்கின பட்டு வேட்டிய கிழிக்கச் சொன்ன மாதிரி என்ன பாத்தாரு. அப்புறம் நான் அந்தப் பேச்ச எடுக்கல. அந்தம்மாகிட்ட கேட்டதுக்கு, "அவருக்கு இருக்கறது அந்த ஒரு சந்தோஷம்மா. நான் பஸ்ல போய்க்கறேன்"னாங்க. எனக்கு அந்தம்மா மேலயும் கோவம் வந்துச்சு.

அது இடஒதுக்கீடு கேட்டு போராட்டம் நடந்த சமயம். படிப்புலயும் வேலையிலயும் பங்கு வேணும்னு கேட்டாங்க, கேட்டதுல ஞாயம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ரோட்டோரத்து புளியமரத்தயெல்லாம் வெட்டி ரோட்டுக்குக் குறுக்க சாச்சுட்டாங்க. பாலத்துகிட்ட பள்ளம் வெட்டிட்டாங்க. பஸ் கெடையாது, லாரி கெடையாது, கட எல்லாம் அடைப்பு. போலீசு ஒரு பக்கம், கல்லு ஒரு பக்கம். கார் வெச்சிருந்தவங்கல்லாம் கண்ணாடி போயிடும்னு தார்ப்பாய போட்டு மூடி வெச்சிட்டாங்க.

அந்த நாள்ல ஒரு காலையில அண்ணன் எங்க ஷெட்டுப் பக்கமா வந்து கதவத் தட்டினாரு. சட்டைய பட்டன் மாத்திப் போட்டிருந்தாரு. அவர அப்படி நான் பாத்ததே இல்ல. கூட ஒரு மலைக்காரரு, ராத்திரியெல்லாம் நடந்து எறங்கி வந்தவரு, களைச்சுப்போய் நின்னாரு. அவருதான் சொன்னாரு. டீச்சரு ஓடைப் பாறையில வழுக்கி வுழுந்து தொட எலும்பு ஒடஞ்சுபோச்சாம். முந்தாநாளு நடந்துதாம். காலு வீங்கிக்கினே வருதாம், ஜொரமும் கண்டிருக்குதாம். மலையில வைத்தியம் பாக்கறவரு மூங்கில் தப்ப வெச்சு கட்டிட்டு, இது நம்மால ஆவாது, சீக்கிரம் எறக்குங்கன்னுட்டாராம்.

அண்ணன் எங்க வூட்டுக்காரர பாத்து, "கார ஏத்தணும்பா"ன்னாரு.

நீள ஸ்பிரிங்கு ஒரு ஜோடி கடையில இருந்துச்சு. உருவின பட்டைக்கு வேற பட்ட இருந்துச்சு. நீள ஷாக்குதான் இல்ல. சேலத்துல இருந்து வர வேண்டிய சரக்கு எந்த மரத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதோ.

"இப்ப இருக்கற ஷாக்கயே மாட்டு. போய்ட்டு வந்துடறேன்"னாரு அண்ணன்.

"ஆவாதுண்ணா. ஸ்பிரிங்கு நீளம், ஷாக்கு குட்ட. பள்ளத்துல வீலு எறங்கறப்ப ஸ்பிரிங்கு நீளும், இந்த குட்ட ஷாக்கு அந்த நீளத்துக்கு வராது. புடுங்கிக்கும். கால் ஒடஞ்ச பொம்பளைய வெச்சுக்கினு மலையில நடுவழியில நிப்பீங்க"ன்னாரு எங்க வூட்டுக்காரரு.

ரெண்டு வாட்டி குட்டன்னு சொல்லிட்டாரு. அண்ணன் காதுல அது வுழவே இல்ல. ஷெட்டு மூலையில ஒரு ரைஸ் மில்காரரோட பத்மினி, எஞ்சின் வேலைக்கு வந்தது, கட்டைமேல நின்னுக்கினு இருந்துச்சு. மூணு பேரும் ஒரே சமயத்துல அதப் பாத்தோம். எங்க வூட்டுக்காரரு ஸ்பேனர எடுத்துக்கினு அதுக்கு அடியில படுத்துட்டாரு. மில்காரரு அப்புறம் வந்து குதிச்சாரு, அத நான் சமாளிச்சேன். அது தனிக் கத.

மத்தியானத்துக்குள்ள காரு ஏறிடுச்சு. முன் சீட்டு ஒண்ண கழட்டி வெச்சிட்டு, பின்னாடி ஒரு மெத்தைய போட்டோம். பொம்பள ஆளு ஒருத்தி கூட இருந்தா தேவலன்னு நானும் ஏறிக்கினேன். மலைக்காரரு வழி காட்ட என் பக்கத்துல உக்காந்தாரு. அண்ணன் ஸ்டீரிங்குக்குப் பின்னால உக்காந்தாரு. கார் ஒசந்ததுல வெளியில இருந்து பாக்கறவங்களுக்கு அவரு தலைமுடிதான் தெரிஞ்சிருக்கும்.

கச்சிராயபாளையத்துக்கு முன்னாடி பெரிய மரம் ஒண்ணு ரோட்ட அடைச்சுக்கினு கெடந்துச்சு. பையனுங்க ஒரு கூட்டம், வெயில்ல கருத்துப்போயி, கையில கல்லோட நின்னாங்க.

"யாரு வண்டிடா இது?"

அண்ணன் கண்ணாடிய எறக்கி, "என்னுதுதாம்பா, கல்யாண கார்"னாரு.

"கல்யாண கார் தரையோட போவும். இது ஒசரமா நிக்குது. யாருகிட்ட கத வுடற? எந்த ஆபீசரு வண்டி?"

"இல்லபா, அதே கார்தான்..."

"இன்னாடா பேச்சு"ன்னு ஒருத்தன் கைய ஓங்கினான். நான் தலைய குனிஞ்சுக்கினேன். மனசுக்குள்ள மாரியாத்தாள கூப்புட்டேன். எனக்கு பயம் கல்லு மேல இல்ல. கண்ணாடி ஒடஞ்சு திரும்பிட்டோம்னா மேல அந்தம்மா கதி என்னன்னுதான்.

அண்ணன் கதவத் தொறந்து எறங்கினாரு. எப்பவும் ரோட்டுல நின்னா மேடு பாத்துதான் நிப்பாரு. அன்னிக்கு நட்டநடு ரோட்டுல, வெறுந்தரையில, அவங்க எல்லாருக்கும் நடுவுல போய் நின்னாரு. அவங்க நெஞ்சுக்குக்கூட வரல.

"நல்லா பாருங்கடா. நான் குட்டையன். இந்த தாலுக்காவுல கார் ஓட்டற குட்டையன் நான் ஒருத்தன்தான். உங்கள்ல பாதி பேரோட அண்ணன்மாரு கண்ணாலத்துக்கு நான்தான் வந்திருப்பேன். எம் பொண்டாட்டி மேல கால் ஒடஞ்சு கெடக்கறா. எறங்கின கார் மலை ஏறாதுன்னு ஏத்திக்கினு வந்திருக்கறேன். வழி வுடுங்க."

யாரும் சிரிக்கல. ஓங்கின கைய அவன் எறக்கிட்டான். பின்னால ஒரு பையன், "டேய், நம்ம கார்க்காரண்ணன்டா"ன்னான். அதுக்கப்புறம் அவங்க செஞ்சத நானும் மறக்க மாட்டேன். கெளைய வெட்டினாங்க, கயிறு போட்டு மரத்த ஒரு பக்கமா இழுத்தாங்க, பள்ளத்துல கல்ல கொட்டினாங்க. அந்தக் கல்லு மேலயும் கெளை மேலயும் கார் ஏறி எறங்கி அந்தப் பக்கம் போச்சு. எறக்கின கார்னா அங்கயே ஒக்காந்திருக்கும். அடுத்த மரத்துகிட்ட யாரும் கேக்கறதுக்கு முன்னாடியே அண்ணன் எறங்கி நின்னுட்டாரு. அதுக்கடுத்த மரத்துகிட்டயும் அப்படியே.

மலையில பாதி வழிக்கு டீச்சர தூளி கட்டி தூக்கிக்கினு வந்து ரோட்டோரம் ஒரு மரத்தடியில வெச்சிருந்தாங்க. மூஞ்சி வெளுத்துப் போயிருந்துச்சு. பொழுது சாயறதுக்குள்ள எறங்கிடணும்னு உடனே ஏத்தினோம். பின்னால என் மடியில தல, கழட்டின முன் சீட்டு எடத்துல கால். அந்த நீட்டுக்கு கார் சரியா போதல, பாதம் அண்ணன் தொடைமேல வந்து நின்னுச்சு. அவரு ஒரு கையால பாதத்த புடிச்சுக்கினு ஒரு கையால ஓட்டினாரு. கியர் மாத்தணும்னா மட்டும் பாதத்த வுடுவாரு, மாத்திட்டு மறுபடியும் புடிச்சுப்பாரு.

வளைவுல எறங்கறப்ப டீச்சரு கண்ணத் தொறந்து, "வண்டி ஆடவே இல்லியே"ன்னாங்க.

"மில்காரரு ஷாக்கு"ன்னாரு அண்ணன். அந்தம்மா அந்த வலியிலயும் சிரிச்சாங்க. எனக்குத்தான் அழுக வந்துச்சு.

கள்ளக்குறிச்சி ஆசுபத்திரியில காலு தப்பிச்சுது. ரோடு தொறந்தப்புறம் சேலத்துக்குக் கொண்டு போனாங்க. எலும்பு சேர மாசக்கணக்கா ஆச்சு. சேந்தது என்னமோ சேந்துச்சு, ஆனா முக்கால் இஞ்சு கம்மியா சேந்துச்சு. நடக்கலாம், கொஞ்சம் சாயும், வேற ஒண்ணும் பண்ண முடியாதுன்னு டாக்டரு சொல்லி அனுப்பிட்டாரு. ஊரு வாய கேக்கணுமா? "இப்பதான் ஜோடி கொஞ்சம் கிட்ட வந்திருக்குது"ன்னு எங்க கடையிலயே ஒருத்தன் பேசினான். அவன நான் வெளிய போடான்னுட்டேன்.

ஒரு நாளு சாயங்காலம் அண்ணன் டீச்சர கைப்புடியா கூட்டிக்கினு ஷெட்டுக்கு வந்தாரு. அந்தம்மாவோட எடது கால் செருப்ப கழட்டச் சொல்லி எங்க வூட்டுக்காரருகிட்ட குடுத்தாரு. "எஞ்சினுக்கு அடியில வெப்பியே, அந்த கெட்டி ரப்பரு. அதுல முக்கால் இஞ்சு வெட்டி இதுக்கு அடியில ஒட்டிக் குடு"ன்னாரு. எங்க வூட்டுக்காரரு ஸ்கேல் வெச்சு அளந்து, வெட்டி, ஒட்டி, ஆணியும் அடிச்சுக் குடுத்தாரு. டீச்சரு போட்டுக்கினு ஷெட்டுக்குள்ள அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்தாங்க. அண்ணன் கொஞ்சம் தள்ளி நின்னுக்கினு ஒரு கண்ண மூடி அந்தம்மா தோள்பட்டைய பாத்தாரு.

"போதுமா?"ன்னாங்க டீச்சரு.

"இன்னும் ரெண்டு நூல், கால் இஞ்சு, ஏத்தணும்."

"அண்ணா, டாக்டரு முக்கால் இஞ்சுன்னுதான சொன்னாரு? நான் சரியாத்தான் வெட்டியிருக்கறேன்"னாரு எங்க வூட்டுக்காரரு.

"டாக்டரு இப்ப பாத்தவரு. அவருக்கு என்னா தெரியும்? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து நான் இவள அண்ணாந்து பாத்துக்கினு இருக்கறேன். இவ ஒசரம் எனக்குத் தெரியும். நீ ரெண்டு நூல் போடு."

டீச்சரு அந்தப் பக்கமா திரும்பிக்கினாங்க. எங்க வூட்டுக்காரரு செருப்ப வாங்கி ரெண்டு நூல் போட்டாரு. அந்தம்மா மாட்டிக்கினு நிமிந்து நின்னாங்க. அண்ணன் கிட்ட வந்து, தரையில நின்னு, நல்லா அண்ணாந்து பாத்தாரு.

"ம். சரியா இருக்குது"ன்னாரு.